விளக்கு வைக்கும் நேரத்துத் தூக்கம்

19.7.2024, வெள்ளி
ஆடி முதல் வெள்ளி. மாவிளக்கு ஏற்றித் திரும்பிப் பார்த்தால், ஆடிக்கு அழைத்து வந்திருக்கும் மகள் முத்துப்பிரியா சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். மணி ஆறரை.

கல்யாணமாகி ஒரு மாதம்தான். ராசிங்காபுரத்துக்குக் கூட்டிவரப் போனபோதே அவள் மாமியார் வேலுத்தாய் சொன்னார்: "விளக்கு வைக்கிற நேரத்துல படுக்குற மூதேவிய எங்க வம்சத்துலயே பாத்ததில்ல மதினி. சரி பண்ணி வைங்க. இல்லாட்டி ஆவணியில கூப்பிட ஆளு வராது."

சரி பண்ணி. எப்படி?

22.7
முகத்தில் தண்ணீர் அடித்தேன். காப்பி கொடுத்தேன். எழுப்பி நிறுத்தினேன். நின்றபடியே கண் சொருகுகிறது. "வேணும்னேவாம்மா பண்றேன்?" என்று அழுதாள். விடியுமுன் மூன்று மணிக்கு எழுந்து வாசல் தெளித்து, சோறு வடித்து வைத்திருக்கிறாள். வேலைக்கு அஞ்சினவளா இவள்?

25.7
இத்தனை நாள் எனக்கு உறைக்கவில்லையே. என் வீட்டுக்காரரும் ஏழு மணிக்குப் படுத்து மூன்றுக்கு எழுகிறவர்தான். மலைக்கு முதல் ஜீப்பில் ஏலத்தோட்டம் போகிறவர் என்பதால் ஊரே, "தவசி அண்ணன் சுறுசுறுப்பு யாருக்கு வரும்" என்கிறது. அதே தூக்கம். அப்பனுக்கென்றால் சுறுசுறுப்பு, மகளுக்கென்றால் மூதேவி.

அரிசி பருப்புக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இருவரும் படுக்கிற, எழுகிற நேரத்தைக் குறிக்க ஆரம்பித்தேன்.

8.8
மகளைக் கூட்டிப்போய்க் காட்டிய மதுரை டாக்டர் என் நோட்டை நிதானமாகப் புரட்டினார். "சோம்பலும் இல்ல, சாபமும் இல்லம்மா. எல்லார் உடம்புலயும் ஒரு கடிகாரம் இருக்கு. இவங்களுக்கு அது முன்கூட்டியே ஓடுது. மூக்கு, முழி மாதிரி அப்பாகிட்டருந்து வந்திருக்கு." சாயங்காலம் வெளிச்சத்தில் உட்கார வைத்தால் கொஞ்சம் தள்ளிப்போகலாமாம். மாறிவிடும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

பஸ் ஆண்டிபட்டி தாண்டுவதற்குள் என் தோளில் தூங்கிவிட்டாள். நான் எழுப்பவில்லை.

9.8, வெள்ளி
சந்தோஷமாகத்தான் போன் செய்தேன். "ரத்தத்துல வந்தது மதினி. அவ மேல தப்பில்ல."

வேலுத்தாய் உடனே கேட்டார்: "அப்ப எங்க பேரப்பிள்ளைக்கும் வருமா?"

பாதிக்குப் பாதி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆடி வெள்ளியும் அதுவுமாய்ப் பொய் சொல்வதா? உள்ளதச் சொல்லிட்டேன். போன வச்சிட்டாங்க.

சோம்பேறின்னு நெனச்சிருந்தா, திருத்திடலாம்னு வச்சிக்கிட்டாவது இருந்திருப்பாங்க. அந்த வழியையும் நானே அடைச்சிட்டேனே. தாயே, உண்மையச் சொன்னதுக்கா இது?

17.8
ஆவணி ஒன்று. யாரும் வரவில்லை.

25.8
மாப்பிள்ளை அழகுமலை போன் செய்தார். "எனக்கு ஒண்ணுமில்லத்தை. அம்மாதான்…"

1.9
சாயங்காலம் ஒரு லோடு ஆட்டோ வந்தது. நாங்கள் சீர் கொடுத்த பீரோ. கூட யாரும் வரவில்லை. "எங்கக்கா எறக்க?" என்றார் டிரைவர். கூடத்தில் வழியை மறித்து நின்றது. அப்பனும் மகளும் ஏழு மணிக்குள் படுத்துவிட்டார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

2.9
மூன்று மணி இருக்கும். சத்தம் கேட்டு விழித்தேன். இரண்டு பேரும் பீரோவுக்கு அடியில் சாக்கைப் போட்டு, உள்ளறைக்கு அங்குலம் அங்குலமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்கிட்டுப் பிடி ஆத்தா."

"மெல்லப்பா, அம்மா முழிச்சிரப் போறாங்க."

கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.