முதல் காற்று

டேய் நெட்டை,

நான் சொல்லச் சொல்ல மாடிவீட்டு டீச்சர் எழுதுகிறார். ஆற்றுப்பாலம் இடிந்த வருஷம், என் மூத்தவள் பிறந்த வருஷம்தான் ஃபேன் கம்பெனியில் உன்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள்.

அதுவரை நீ, நான், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் அக்கா, பெயின்டர் என்று நாலு பேரும் ஒரே மேசையில் ஒரு ஃபேனை முழுசாகச் செய்வோம். முடிந்ததும் சுவிட்சைப் போட்டு, முதல் காற்றில் முகத்தை நீட்டுவோம். "என் காத்துடா, தள்ளு!" என்று அக்கா உன்னை இடித்துத் தள்ளுவாள்.

நீ மேசையைப் பிரித்து எங்களை வரிசையில் உட்காரவைத்தாய். மேலதிகாரிகள் சொன்னதைத்தான் செய்தாய், தெரியும். எனக்கு நாள் முழுக்க ஒரே திருகு. ஃபேன் வேறு அறையில் யாருக்கோ சுற்றியது. ஆடுகிற ஃபேன்கள் கடையிலிருந்து திரும்பி வந்தபோதும், அவை நாங்கள் செய்தவை என்று எங்களுக்கு உறைக்கவில்லை.

"வாரத்துக்கு ஒண்ணாவது முழுசா செய்ய விடுடா" என்றேன்.

"டா போடாத. சார்னு கூப்பிடு" என்றாய். அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது என் அறை ஃபேனைக் கழற்றி வைத்திருக்கிறேன். மகள் புதுசு வாங்கித் தருகிறாளாம், வேண்டாம் என்றுவிட்டேன். நான் திருகும்போது இறக்கையைப் பிடிக்க ஆள் வேண்டும். அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். பெயின்டரும் போன மாதம் போய்விட்டார். என்னைத் தவிர அந்த மேசையில் மிச்சம் நீ ஒருவன்தான்.

வந்து பிடிங்க, சார்.

உன் பக்கத்து நாற்காலிக்காரன்