பதினான்கு மில்லிமீட்டர் தாகம்

15 ஜூலை 2024, டனீடன்

துறையின் புதிய இணையப் பக்கத்துக்கு ஒவ்வொருவரும் தம் ஆய்வு ஆர்வத்தை ஐம்பது சொல்லில் எழுதித் தர வேண்டுமாம். இதயத்தை ஆராய்கிறவர்கள் வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட்டார்கள். நான் ‘தாகம்’ என்று ஒரே சொல் எழுதிக் கொடுத்தேன். துறைத் தலைவி கிர்ஸ்டி, என்னிடம் படித்தவள்தான், பத்து மணித் தேநீரில் சீஸ் ரோலைக் கடித்தபடி வந்தாள்.

“கோவிச்சுக்காதீங்க ஐல்சா. தாகத்தப் பத்தி நீங்க புதுசா எழுதி ஒன்பது வருஷம் ஆச்சு. அக்டோபருக்குள்ள ஏதாவது காட்டுங்க. இல்லேன்னா நீங்க ஓய்வு வாங்குறப்போ தாகத்தையும் சேர்த்தே அனுப்பிடுவாங்க.”

உடலியங்கியல் துறையில் தாகம் கிடையாதாம். நன்றாயிருக்கிறது!

16 ஜூலை

1986-ஆம் ஆண்டுக் குறிப்பேடு அகப்பட்டது. அப்போதெல்லாம் நாங்களேதான் எங்களுக்குச் சோதனை எலிகள். யாருக்காவது யோசனை தோன்றினால் தேநீர் மேசைக்கு வந்து, “நாளைக்கு யாரு சும்மா இருக்கீங்க?” என்பார்கள். ஒருத்தர் பனிநீரில் கையை விடுவார், ஒருத்தர் குழாயை விழுங்குவார். அவரவர் சிறுநீர் கேனை அவரவரே தூக்கிக்கொண்டு இந்த மேட்டில் ஏறுவோம். எவ்வளவு சிரிப்பு! இப்போது எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு திரையைப் பார்க்கிறார்கள்.

தாகச் சோதனையில் மூன்று பேர். இருபத்துநாலு மணி நேரம் தண்ணீர் கிடையாது. பிறகு நூறு மில்லிமீட்டர் கோட்டில், எவ்வளவு தாகம் என்று புள்ளி வைக்க வேண்டும். நான் 91. மார்ஜரி 88, அவள் இறந்து பதின்மூன்று வருஷமாகிறது. மூன்றாவது வரி ரெவி டோப்பியா, 14. சிவப்பு மையால் அடித்திருக்கிறது. என் மை.

17 ஜூலை

அன்று நடந்தது இதுதான். பதினாலைப் பார்த்ததும், இவன் திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடித்துவிட்டான் என்று நினைத்தேன். இரத்தத்தைப் பார்த்தால் உண்மை தெரிந்திருக்கும். அவன் இரத்தம் இருந்த கண்ணாடிக் குழாய், அதைச் சுற்றிப் பிரிக்கிற சுழலியில் உடைந்துபோனது. அதைச் சரியாக வைக்காதவளும் நான்தான். தேநீர் மேசையில் அத்தனை பேர் முன்னால் கேட்டேன். “நான் குடிக்கல ஐல்சா” என்று ஒரே ஒரு தடவை சொன்னான். அடுத்த கோடையில் வேலையை விட்டுவிட்டு இன்வர்கார்கில் போய்ப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் நடத்தினான். எங்கள் குழுவிலேயே கெட்டிக்காரன் அவன்.

21 ஜூலை

அதே இரண்டு உடம்புகளில், முப்பத்தெட்டு வருஷம் கழித்து, அதே சோதனை. கிர்ஸ்டிக்குக் காட்ட இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அதற்கு ரெவி வர வேண்டும்.

3 ஆகஸ்ட்

இரண்டு வாரம் அவன் தொலைபேசி எண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு இன்று கூப்பிட்டேன். பெயரைச் சொன்னேன்.

“என்ன, இப்பவும் எவனாவது தண்ணியத் திருடிட்டானா?”

விஷயத்தைச் சொன்னேன்.

“வரேன். ஆனா இந்தத் தடவை கதவப் பூட்டிக்க. எங்கூடவே உக்காரு. நான் கக்கூஸ் போனாலும் வாசல்ல வந்து நில்லு. அப்புறம் நான் குடிச்சேன்னு ஒரு வார்த்த பேசக்கூடாது.”

சரி என்றேன்.

29 ஆகஸ்ட்

நெறிமுறைக் குழு பதினாறு மணி நேரம்தான் அனுமதித்தது. ஒரு மருத்துவரும் கூடவே இருந்தார். ரெவிக்கு அறுபத்தொன்பது, முழு நரை. சீட்டு விளையாடினோம். வாய் வறண்டு, நான் சீட்டையே பார்க்காமல் தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “ஆட்டத்தப் பாரு” என்று அதட்டினான். பழைய ரெவி.

என் புள்ளி 63. அவனுடையது 12.

30 ஆகஸ்ட்

இரத்த முடிவு வந்தது. அவன் இரத்தம் என்னுடையதைவிடக் கெட்டியாக இருக்கிறது. உடம்பு தண்ணீருக்குக் கெஞ்சுகிறது, அவனுக்குத் தெரியவே இல்லை. வயதால் வந்ததில்லை இது, அன்றைக்கும் இப்படித்தான்.

அவன் பொய் சொல்லவில்லை.

அந்த நாளில், மட்டன்பறவை என்கிற கடற்பறவையின் உப்பிலிட்ட இறைச்சியை அவன் வீட்டார் தீவிலிருந்து அனுப்புவார்கள். நாங்கள் ஒரு துண்டு தின்றுவிட்டுக் குழாயடிக்கு ஓடுவோம். அவன் பாட்டுக்கு விரலை நக்கிக்கொண்டு அடுத்த துண்டை எடுப்பான். கண்ணெதிரே இருந்தது! தாகமே எடுக்காத ஒரு மனிதன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தாகத்தை ஆராய்கிற நான் அவனைத் திருடன் என்றேன்.

மார்ஜரி அதையே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேனா? இந்த மண்ணின் பூர்வகுடியான மவோரி, துறையில் அப்போது அவன் ஒருவன்தான்; மற்ற நாங்கள் எல்லாரும் வெள்ளையர். இதை எழுதவே கூசுகிறது. எழுதத்தான் வேண்டும்.

1 செப்டம்பர்

இன்வர்கார்கிலுக்கு நானே காரை ஓட்டிக்கொண்டு போனேன். இரத்த முடிவுத் தாளை அவன் முன் வைத்து, மன்னிப்புக் கேட்டு அழுதேன். அவன் இரண்டு தடவை படித்தான்.

“அன்னிக்கே ஏன் என்னன்னு கேட்டிருந்தா, இத நாம ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிச்சிருக்கலாம்ல?” என்றான். கோபமாகக்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை. “மன்னிப்பெல்லாம் நீயே வெச்சுக்க. என் பொண்டாட்டி டெரீனா உயிரோட இருந்தவரைக்கும் கையில தண்ணி கிளாஸத் திணிச்சுக்கிட்டே இருப்பா. இப்போ எனக்குக் குடின்னு சொல்ல ஆளில்ல. தினம் மூணு மணிக்கு நீ சொல்லு.”

18 அக்டோபர்

பக்கம் வெளியாகிவிட்டது. ஆய்வு ஆர்வம்: தாகம், முக்கியமாக, அது எடுக்காதவர்கள். கீழே இரண்டு பெயர், ரெவியுடையது முதலில். “எனக்கப்புறம் தாகத்துக்கே ஆள் எடுக்கப்போறீங்களா?” என்று கேட்டதற்குக் கிர்ஸ்டி, “விளம்பரமே போயாச்சு” என்றாள்.

3 நவம்பர், ஞாயிறு

தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்ததில் மூன்று மணியை மறந்தே போனேன். மூன்று பத்துக்குத் தொலைபேசி.

“ஐல்சா? உன் மெசேஜ் வரல. உனக்கு எதாவது ஆயிடுச்சா?”

“ஒண்ணுமில்ல ரெவி. மறந்துட்டேன். தண்ணி குடிச்சியா?”

“குடிக்கல. பயத்துல அது எங்க ஞாபகம் வருது? இரு, எடுத்துட்டு வரேன்.”

நானும் மண் கையோடு ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்துக்கொண்டேன். அவன் மடக் மடக்கென்று குடிப்பது போனில் கேட்டது.