முட்டத்தில் ஐந்து நாள்

தக்கலை,
6.5.2025

அன்புள்ள அத்தானுக்கு,

ஷைஜா எழுதுவது. நானும் வீடும் சுகம். மகள் ரெனிஷா ஹாஸ்டலில் சுகம், நர்சிங் பரீட்சை முடியாமல் லீவு இல்லையாம். அங்கே வெயில் ஏறியிருக்கும். தொப்பி போடாமல் வெளியே இறங்காதீர்கள்.

போனில் பேசினால் மூன்றாம் நிமிடம் சண்டை பிடிக்கிறோம் என்றுதான் பாஸ்டர், ஒரு மாதம் கடிதம் எழுதிப் பாருங்கள் என்றார். எழுதிய தாளைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினாலும் கடிதம்தானாம். எனக்குச் சம்மதம். தாளில் எழுதினால் நீங்கள் குறுக்கே பேச முடியாது, அதுவே பெரிய உபகாரம்.

பத்தொன்பது வருடம் கழித்து ஃபேமிலி விசாவுக்கு வழி பிறந்திருக்கிறது, டீச்சர் வேலையை விட்டுவிட்டுக் குவைத்துக்கு வா, மே முப்பத்தொன்றுக்குள் பதில் சொல் என்கிறீர்கள். சொல்வேன். அதற்கு முன் எனக்கு ஐந்து நாள் வேண்டும். வருகிற திங்கட்கிழமை முட்டத்துக்குப் போய் அறை எடுத்துத் தனியாகத் தங்கப் போகிறேன்.

படிக்கும்போதே நெற்றியைச் சுருக்குவீர்கள் என்று தெரியும். ஒவ்வொரு லீவுக்கும் "இந்தத் தடவை கடற்கரையில் ரிசார்ட் எடுத்து நாலு நாள் இருப்போம்" என்று சொன்னது யார்? ஒரு தடவை உங்கள் தங்கை கல்யாணம், ஒரு தடவை மாடி கான்கிரீட், ஒரு தடவை உங்களுக்கே முதுகுவலி. இந்த மே மாதமும் உங்களுக்கு லீவு இல்லை என்றாகிவிட்டது. இருபது கிலோமீட்டரில் கடல் கிடக்கிறது. சண்டே ஸ்கூல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாலு தடவை போயிருக்கிறேன், நாலு தடவையும் தலைகளை எண்ணியதுதான் மிச்சம். தண்ணீரைப் பார்த்த ஞாபகம்கூட இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். துணைக்கு என்று யாரையும் அனுப்பாதீர்கள். அந்த ஐந்து நாளும் என் பாட்டுக்கு இருந்து யோசித்துவிட்டு வந்து பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
ஷைஜா

*

குவைத்,
7.5.2025

அன்புள்ள ஷைஜாவுக்கு,

ஷாஜன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் சுகம். கடிதம் எழுதிப் பல வருடம் ஆனதால் கை வலிக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் கணக்கு டீச்சர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முட்டம் எங்கே ஓடிப் போகிறது? விசா கிடைத்து இங்கே வந்துவிட்டால் நானே தினமும் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறேன். நம் வீட்டில் மூன்று அறை பூட்டிக் கிடக்கும்போது ஊரான் கட்டிலில் போய்ப் படுப்பானேன்? சபையில் நாலு பேர் கேட்டால் என் அண்ணன் என்ன சொல்வார்? "ஷாஜன் பெண்டாட்டி தனியே லாட்ஜில் கிடக்கிறாள்" என்றுதானே பேசுவார்கள். உன் கூட்டுக்காரி பிந்துவையாவது கூட்டிக்கொண்டு போகக் கூடாதா?

இத்தனையும் எழுதிவிட்டு மறுபடி உன் கடிதத்தைப் படித்தேன். லீவு விஷயத்தில் நீ சொன்னது எல்லாம் சரி. எனக்கு வாயில்லை. போய் வா. யாரையும் அனுப்ப மாட்டேன், போதுமா? பிரஷர் மாத்திரையை மறந்துவிடாதே. பாறையில் ஏறி நிற்காதே, அங்கே அலை சொல்லிக்கொண்டு வராது.

உன்,
ஷாஜன்

*

முட்டம்,
12.5.2025, சாயங்காலம்

அன்புள்ள அத்தானுக்கு,

எனக்கு வருகிற ஆத்திரத்தில் பேனா தாளைக் கிழிக்கிறது. காலையில் திங்கள்சந்தை வந்து பஸ் மாறி, பத்தரைக்கு முட்டத்தில் இறங்கினேன். அறைக்குள் கால் வைத்தது மூன்று மணிக்கு.

முதல் இடத்தில் டீச்சர் என்று சொல்லியும் ஆதாரை வாங்கிப் பார்த்தார்கள். "தக்கலையா? உள்ளூர் ஆதார் வச்சு ரூம் குடுக்கமாட்டோம் டீச்சரே" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் அறை எடுத்தால் ஏதோ விவகாரம் என்றுதான் அர்த்தமாம். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே முதுகில் மூட்டையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். தனி ஆள்தான், ரெனிஷாவை விட நாலு வயசு கூடுதல் இருந்தால் அதிகம். பாஸ்போர்ட்டை நீட்டினாள், சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார்கள். அவள் பிறந்தது எந்தத் தேசமோ, அவளுக்கு முட்டத்தில் இடம் உண்டு. எனக்கு இல்லை.

இரண்டாவது இடத்தில் தனியாக வருகிற பெண்களுக்குக் கொடுப்பதில்லை என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். மூன்றாவது இடத்து மேனேஜர் ரெனிஷ் என்று ஒருவர், நம் வயதுதான் இருக்கும். என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். கொடுத்துவிட்டு மெதுவாக, "வீட்டுல ஏதும் பிரச்சினை உண்டா டீச்சரே? தப்பா நெனைக்காண்டாம். ஒத்தைக்கு வாறவங்க செலபேரு கடல்ல சாடுகதுக்கே வாறாங்க. அதான் எங்களுக்குப் பயம்" என்றார். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. லீவைக் கழிக்க வந்தேன் ஐயா, சாவதற்காக இல்லை என்றேன்.

கடைசியில், இன்றைக்கு இருந்துகொள்ளுங்கள், காலையில் உங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன், அவர் சரி என்றால் மற்ற நாலு நாளும் இருக்கலாம் என்றார். உங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். நாற்பத்திரண்டு வயதில் நான் தங்குவதற்கு நீங்கள் குவைத்திலிருந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. இருக்கட்டும். அவர் கூப்பிட்டால், "ஆமாம், என் மனைவிதான், எனக்குத் தெரிந்துதான் வந்திருக்கிறாள்" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும்.

இத்தனைக்கும் பிறகு அறை நன்றாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் செம்மண் மேடு, அதற்குக் கீழே பாறை, அப்புறம் முழுக்கத் தண்ணீர். சாயங்காலம் கடியப்பட்டணம் வரை நடந்து போய் வந்தேன். இன்றைக்கு யார் தலையையும் எண்ணவில்லை.

அன்புடன்,
ஷைஜா

*

தக்கலை,
13.5.2025

ஷாஜன் அவர்களுக்கு,

சுகம் விசாரிக்க மனம் இல்லை, மன்னிக்கவும்.

காலை பத்து மணிக்கு நான் சாப்பாட்டு ஹாலில் புட்டும் பயறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் அண்ணன் ஞானசிங்கும் அவர் மனைவி ராஜபாய் அக்காவும் காரில் வந்து இறங்கினார்கள். சுற்றி நாலு மேசையில் ஆட்கள். அண்ணன் நின்றபடியே சொன்னார்: "எழும்பு மக்கா, வீட்டுக்குப் போவோம். ஒனக்கு என்ன கொறைச்சலு? கடல் பாக்கணும்னா எங்கிட்டச் சொல்லப்பிடாதா, நாங்க கூட்டிட்டு வந்திரிக்க மாட்டோமா?"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார்கள். "ஏட்டி, ஒனக்கு ஒரு பொம்பளப்பிள்ளை இரிக்குல்லா, இப்பிடிச் செய்யலாமா?" என்று ஹால் முழுக்கக் கேட்க. நான் என்ன செய்தேன் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனாலும் எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் காரில் ஏறினேன். அறையில் அக்கா என் பக்கத்திலேயே நின்று உடுப்பை எல்லாம் வாரிப் பையில் திணித்தார்கள்.

திரும்பும் வழியில் கடியப்பட்டணத்தில் வண்டியை நிறுத்தினார்கள். வந்தது வந்தோம், நல்ல மீன் வாங்கிக்கொண்டு போவோம் என்று. அண்ணனும் அக்காவும் அரை மணி நேரம் நெய்மீன் பேரம் பேசினார்கள். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடி ஏற்றிய காருக்குள் உட்கார்ந்திருந்தேன். நேற்று நான் தனியாக நடந்த அதே ரோடு அது.

யாரையும் அனுப்ப மாட்டேன் என்று எழுதியது நீங்கள்தானே? ஒரு வாக்கியம்தான் சொல்லச் சொன்னேன். ரெனிஷிடம் என்ன சொன்னீர்கள்?

ஷைஜா

*

குவைத்,
15.5.2025

என் அன்பு ஷைஜாவுக்கு,

இரண்டு நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டோரில் லோடு இறங்கும் நேரத்தில் அந்த மனிதர் கூப்பிட்டார். நீ எழுதிக் கொடுத்ததை அப்படியே சொன்னேன், என் மனைவிதான், எனக்குத் தெரிந்துதான் வந்திருக்கிறாள் என்று. அதோடு போனை வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர், "ஒண்ணே ஒண்ணு சாரே, அவங்களுக்கு மனசுக்கு வெஷமம் ஏதும் உண்டா?" என்று கேட்டார். துக்கம் ஏதும் உண்டா என்று.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன் ஷைஜா. எனக்குத் தெரியவில்லை. உன் பிரஷர் எவ்வளவு, செருப்பு சைஸ் எவ்வளவு, எல்லாம் தெரியும். இது தெரியவில்லை. கடைசியாக நீ சந்தோஷமாக இருந்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், அதுவும் தெரியவில்லை. "தெரியாது" என்றுதான் அவரிடம் சொன்னேன்.

போனை வைத்த பிறகுதான் பயம் பிடித்தது. நீ தனியாக யோசிக்க வேண்டும் என்று எழுதியது, பாறை, கடல், எல்லாம் சேர்ந்து மண்டைக்குள் வேறு மாதிரி ஓடிற்று. உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். போனில் பேசக் கூடாது என்ற கட்டுப்பாடு நினைவுக்கு வந்தது. அந்தக் கட்டுப்பாட்டை மதித்தேன், உனக்குக் கொடுத்த வாக்கை விட்டுவிட்டேன். என்ன புத்தி பார். அண்ணனைக் கூப்பிட்டு, உடனே போய் அவளைக் கூட்டிக்கொண்டு வா என்றேன்.

தப்புதான். மன்னித்துவிடு. நான் எடுத்திருக்கும் ஃப்ளாட்டிலிருந்து கடல் பத்து நிமிட நடைதான். நீ வந்தால் தெரியாததை எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். முப்பத்தொன்றாம் தேதியை மறந்துவிடாதே.

உன்,
ஷாஜன்

*

தக்கலை,
23.5.2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். இத்தனை வருடத்தில் நீங்கள் என்னிடம் சொன்னதில் அதுதான் முழு உண்மை என்று நினைக்கிறேன். அதற்காகக் கோபம் இல்லை. தெரியாததைத் தெரியாது என்றீர்கள். என்னிடம் கேட்காமல் அண்ணனிடம் சொன்னீர்களே, அதுதான் ஆறவில்லை.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முட்டத்தில் நான் துக்கமாக இல்லை. பதிமூன்றாம் தேதி காலையில் ஆறு மணிக்கே எழும்பி, கட்டன்சாயா வாங்கிக்கொண்டு வந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். வள்ளங்கள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. யாருக்கும் சோறு பொங்க வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். இவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றிற்று. யோசித்துப் பார்த்தால் அந்த ஆள் நீங்கள்தான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஐந்து நாள் தேவைப்படவில்லை, ஒரு ராத்திரி போதுமாக இருந்தது.

அறை மேசையில் உட்கார்ந்தே தலைமையாசிரியருக்கு ராஜினாமாக் கடிதம் எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே மூச்சில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டேன். ஐந்து நாளும் இருந்துவிட்டு வந்து கொடுக்கலாம் என்று டம்ளருக்குக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அப்போதுதான் அண்ணன் வந்தார். அக்கா உடுப்பை எல்லாம் வாரிய அவசரத்தில் அது மேசையிலேயே கிடந்துவிட்டது.

முந்தாநாள் ரெனிஷ் கூப்பிட்டார். "டீச்சரே, ஒரு பேப்பர் விட்டுட்டுப் போயிட்டீங்க, கையெழுத்தெல்லாம் போட்டிரிக்கு. கொரியர்ல அனுப்பட்டா?" என்று கேட்டார். அனுப்புங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். அட்ரஸ் சொல்லப் போகும்போது, காருக்குள் உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரம் நெஞ்சுக்குள் வந்து நின்றுவிட்டது.

கிழித்துப் போட்டுவிடுங்கள் என்று சொன்னேன்.

ஜூன் இரண்டாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். பத்தாம் வகுப்புக்கு நான்தான் கணக்கு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஷைஜா