வலையை அறுத்தது யார்

இன்று காலை பஞ்சர் கடையில் என் லாரி டியூபுக்கு ஒட்டுப் போட்டார்கள். சொல்யூஷன் வாடை மூக்கில் ஏறியதுமே நீ வந்துவிட்டாய். கடைக்காரர் காற்றடித்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் வுடட்டுங்களா?" என்று கேட்டார். "போதும்பா, மெத்துனு இருக்கட்டும். வெயில்ல அதுவே உப்பிக்கும்" என்றேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது உன் பேச்சு. எரிச்சலாக இருந்தது. செத்த பிறகும் என் வாயில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறாயே!

நம் இருவருக்கும் யாரும் மீன்பிடிக்கச் சொல்லித்தரவில்லை. நீ மலைமேல் சாமை விதைத்தவன். நான் அடிவாரத்துப் படவேட்டில் வாழை வைத்தவன். சாமை அறுப்பு முடிந்தால் நீ இறங்கி வருவாய், அணை ஏரியில் மிதந்து மீன்பிடிக்க ஆளுக்கொரு லாரி டியூப் போடுவோம். டியூபின் நடு ஓட்டையில் நைலான் கயிறு பின்னி உட்கார இடம் செய்ததும், பழைய ரப்பர் செருப்பைக் கைகளில் மாட்டித் துடுப்பாக்கியதும் என் மூளை. வால்வு விலாவைக் கீறாமல் துணி சுற்றியது மட்டும்தான் உன்னுடையது. ஊரில் நீ எல்லாவற்றையும் உன் பெயரில் எழுதிக்கொண்டாய். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தண்ணீரில் இறங்கும்போதெல்லாம் ஒரே பாட்டுதான் பாடுவாய். "வலைக்கயித்த இடுப்புல கட்டாத. டியூப்ல கட்டு, ஒரே இழுப்புல அவுர்ற மாதிரி முடிச்சி போடு. மலைக்காத்து எறங்குனா எதிர்க்காத. தள்ற பக்கமே போ. அந்தாண்ட கரையும் கரதான்." எனக்கு யாரும் இப்படிச் சொன்னால் பிடிக்காது. கயிறு இடுப்பில் இருந்தால் இரண்டு கையும் சும்மா இருக்கும் என்று நானே கண்டுபிடித்திருந்தேன். கண்டுபிடித்ததை எப்படி விடுவது?

அந்த ஆடி மாதம் தண்ணீர் வற்றி, முழுகிக் கிடந்த பழைய மரங்களின் கட்டைகள் மேலே வந்திருந்தன. மலையோரக் கரையில் சைக்கிளையும் சட்டையையும் வைத்துவிட்டு இறங்கினோம். முற்பகலில் காற்று இறங்கியது. என் டியூப் நடு ஏரிக்கு ஓடியது. வலையோ ஒரு கட்டையில் மாட்டி நின்றுவிட்டது. இடையில் என் இடுப்பு. கயிறு விறைத்ததும் டியூப் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அலை முகத்தில் அடித்தது. ஒரு வாய் தண்ணீரும் குடித்துவிட்டேன்.

நீ காற்றின் போக்கிலேயே என்னிடம் வந்து, என் டியூபைப் பிடித்துக்கொண்டு கத்தினாய். "யோவ், அறுத்து வுடுயா!"

"மூணு மாசம் பின்ன வலை! இன்னாத்துக்கு அறுக்கணும்?"

"வலைய மறுபடி பின்னிக்கலாம். உன்ன எவன் பின்றது?"

கத்தியை எடுத்தேன். நீயும் உன் கத்தியை எடுத்தாய். கயிறு அறுந்தது. என் டியூப் நிமிர்ந்தது. இருவரும் எதிர்க்கரைவரை சும்மா மிதந்துபோனோம்.

யார் அறுத்தது என்ற வழக்கு அங்கேயே தொடங்கிவிட்டது. டியூபைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சைக்கிள் நின்ற இடத்துக்கு ஏரியைச் சுற்றி நடந்தோம். வெயில் ஏற ஏற நம் குரலும் ஏறியது. பாதிக் கயிற்றை நான் அறுத்த பிறகுதான் நீ கை வைத்தாய் என்றேன். "நீ அறுத்தது கயித்த இல்லயா, உன் லுங்கிய" என்று சிரித்தாய். லுங்கி கிழிந்திருந்தது உண்மைதான். மறுநாள் நீயே போய் வலையைக் கட்டையிலிருந்து எடுத்து வந்தாய், அதில் ஏழு ஜிலேபி மீன்களோடு. குழம்பு வைத்துத் தின்னும்போதும் சண்டை. டீக்கடையில் நீ சொன்ன கதையில் நான் அம்மா என்று அலறியதாக வேறு சேர்த்தாய். நான் அலறவில்லை.

நீ தண்ணீரில் போகவில்லை. மத்தியானச் சோறு தின்றுவிட்டு உன் வீட்டுக் கட்டிலில் படுத்தவன், அப்படியே போய்விட்டாய். தீர்ப்பு வராமலே வழக்கை விட்டுப் போன ஆள் நீ.

போன வாரம் தனியாகப் போனேன். பாதி வலை விட்டிருந்தபோது காற்று இறங்கியது. கயிறு டியூபில்தான் கட்டியிருந்தது. ஒரே இழுப்பு, வலையை விட்டுவிட்டேன். கைச் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தள்ளிய பக்கமே போனேன். எதிர்க்கரையில் ஏறி, டியூபைத் தலையில் வைத்துக்கொண்டு அதே சுற்று நடை.

வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாராண்ட பேசினு வர்றீங்க?"

"கூட வர்றவராண்ட."

அந்த அம்மா எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, ஆடுகளைக் கொஞ்சம் தள்ளி ஓட்டிக்கொண்டு போனார்.

மீதி வழியும் பேசிக்கொண்டுதான் வந்தேன். உன் பக்கத்தையும் நானே பேச வேண்டியிருந்தது, என் பக்கத்தையும் நானே பேச வேண்டியிருந்தது. ஒரு வார்த்தைகூட விட்டுக்கொடுக்காமல் பேசினேன். அப்படியும் நீதான் ஜெயித்தாய். நாளைக்கு மறுபடி போகிறேன், வழக்கு முடியவில்லை.