அதிகாரி சாப்பிட்ட பதினோரு நாட்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஆண்டவன் தயவில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று இரண்டு வேளையும் கேட்டுக்கொள்கிறேன். குட்டிக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது என்று எழுதியிருந்தாய், விரலை விட்டுப் பார்க்காதே, கடித்துவிடுவாள், நீ அந்த வயதில் கடித்த கடி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆணிக்கடையில் உட்கார்ந்து செய்யும் வேலையாகக் கொடுத்திருக்கிறார்கள். சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. அதெல்லாம் கிடக்கட்டும், ஒரு விஷயத்தை நீ வேறு யார் வாயாலோ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும்.

புது அரசாங்கம் பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் சந்தி சிரிக்கிறது. முதலில் யாருக்கு எந்த பங்களா என்று மந்திரிகளுக்குள் இழுபறி. அடுத்து பிரதமர் தன் மைத்துனரைத் துறைமுகத்துக்குத் தலைவராகப் போட்டு, கூச்சல் கிளம்பியதும் இரண்டே நாளில் திரும்ப எடுத்தார். மூன்றாவது நம்முடையது. சுகாதார மந்திரியாக வந்திருப்பவர், பதினாலு வருஷத்துக்கு முன் அரசாங்க மருந்துக் கிடங்கில் அப்பாவுக்கு மேலதிகாரியாக இருந்தவர்தான். காலாவதியான மருந்துப் பெட்டிகளில் புதுத் தேதி ஒட்டி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிவிட்டு, பழியை ஸ்டோர் கீப்பராக இருந்த அப்பா தலையில் கட்டி, அவரை வீட்டுக்கு அனுப்பினாரே, அதே மகானுபாவர். பத்திரிகைக்காரர்கள் பழைய கதையைக் கிளறியதும் சபையில் எழுந்து நின்று, "அந்த ஸ்டோர் கீப்பரோட எனக்கு எந்தப் பழக்கமும் இல்லை, அவர் வீட்டு வாசப்படியை நான் மிதிச்சதே கிடையாது" என்றார். ரேடியோவில் என் காதால் கேட்டேன். கரண்டியை அப்படியே வைத்துவிட்டு நேராகப் போய் அலமாரியைத் திறந்தேன்.

என் சமையல் நோட்டைப் பார்த்து நீயும் அப்பாவும் எத்தனை கேலி செய்திருப்பீர்கள். அரிசி எத்தனை டம்ளர், எத்தனை பேர் சாப்பிட்டார்கள், என்ன மிஞ்சியது, ஏன் மிஞ்சியது என்று நான் எழுதாத நாள் கிடையாது. மருந்துப் பெட்டிச் சீட்டுகளைப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டதே அதற்காகத்தான். அந்த ஒரு வருஷத்து நோட்டில் மட்டும் மந்திரி பதினோரு நாள் நம் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். மீன் முள் என்றால் அவருக்குப் பயம், நான்தான் முள்ளெடுத்துத் தட்டில் வைப்பேன், அதையும் எழுதியிருக்கிறேன். இரண்டு முள்ளையாவது விட்டுவைத்திருக்கலாம், அப்போது தோன்றவில்லை. பதினோராவது நாள் இப்படி இருக்கிறது: அரிசி நாலு டம்ளர். அதிகாரி, டிரைவர் கூடுதல். டிரைவருக்குப் பல்வலி, சாதம் குழைவாக. கிடங்குப் பதிவேடு சாப்பாட்டு மேசையில். இவர் கையெழுத்துப் போட்டார், சாப்பிடவில்லை. ஒரு ஆள் சாதம் மிச்சம். இவர் என்று எழுதியிருப்பது அப்பாவை, அந்தக் கையெழுத்தைக் காட்டித்தான் பிறகு பழியை அவர்மேல் போட்டார்கள்.

எதிர்க்கட்சிக்காரர்கள் சபையை நடக்கவிடாததால் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை வைத்து விசாரணை போட்டார்கள். நோட்டோடு வருகிறேன் என்று அவருக்குக் கடிதம் எழுதினேன். அது யார் கண்ணில் பட்டதோ, நாலாம் நாள் மந்திரியின் உதவியாளர் நம் வாசலில். உட்காரச் சொன்னேன். ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். உன் மாற்றல் உத்தரவு. நாலு வருஷமாக மனுமேல் மனு போட்டும் கிடைக்காத மாற்றல், அந்தக் கோடியிலிருக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு, குழந்தைகள் வார்டு, நர்ஸ் என்று உன் பேரைத் தப்பில்லாமல் அடித்திருந்தார்கள். தேதி மட்டும் காலி. "அடுத்த மாசமே பொண்ணும் பேத்தியும் வந்துடுவாங்கம்மா, அந்தப் பழைய நோட்டெல்லாம் எதுக்கு, இந்நேரம் கரையான் தின்னிருக்கும்ல" என்றார். அப்பா கதவோரம் நின்றுகொண்டு, "வாங்கிக்கோ, புள்ள வந்து சேரட்டும்" என்று மெதுவாகச் சொன்னார். நான் அந்தக் காகிதத்தை நாலு தடவை படித்தேன். குட்டி நம் கூடத்தில் தத்தித் தத்தி நடப்பதுகூட எனக்குத் தெரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அடியில் அந்த ஆளின் கையெழுத்து இருந்தது. எங்க வீட்டுல கரையானை உள்ள விடறதில்லை தம்பி, இன்னைக்குத்தான் ஒண்ணு வந்து உக்காந்திருக்கு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அப்பா அதன் பிறகு என்னோடு பேசவில்லை. ஆனால் விசாரணை நாளன்று தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு, நோட்டுகள் அத்தனையையும் பையில் அடுக்கித் தூக்கிக்கொண்டு கூட வந்தார். மந்திரியின் வக்கீல், "எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்கீங்க" என்று ஆரம்பித்தார். பள்ளிக்கூடமே போனதில்லை என்றேன். "அப்ப இதை யாரோ சொல்லிக்கொடுத்து நேத்து எழுதியிருக்கலாமே" என்றார். எழுதலாங்க ஐயா, ஆனா பையில இருக்கிற மத்த வருஷத்தையும் சேர்த்து எழுதணுமே, அதுவரைக்கும் எங்க வீட்டுல யாரு சமைக்கறது என்றேன். நீதிபதியே சிரித்துவிட்டார். பிறகு அந்த டிரைவரைக் கூப்பிட்டார்கள். கிழவராகிவிட்டார், வாயில் பல்லே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே, "பல்வலின்னு அந்தம்மா எனக்குச் சோத்தைக் குழைச்சுப் போட்டாங்க, ஐயா பதிவேட்டைப் பிரிச்சுக் கையெழுத்துக்கு இடம் காட்டினாரு, நான் பார்த்தேன்" என்று ஒரே மூச்சில் சொல்லி உட்கார்ந்தார். மந்திரிக்கு முகம் சாம்பல் பூத்துப்போயிற்று. அந்தப் படம் மறுநாள் பேப்பரில் வந்தது, வெட்டி வைத்திருக்கிறேன்.

ஆனாலும் ஆள் இன்னும் நாற்காலியை விடவில்லை. விசாரணை முடியட்டும் என்கிறார் பிரதமர். எனக்கு ராஜினாமா மட்டும் போதாது மகளே. அந்த நாளில் நான் கடைக்குள் நுழைந்ததும் பேச்சு சட்டென்று நின்றதே, அதே மாதிரி அவர் நுழைகிற இடத்திலெல்லாம் நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் மருந்துத் திருடன் மகள் என்று சட்டை முதுகில் சாக்பீஸால் எழுதி உன்னை அனுப்பினார்கள், நீ தெரியாமலே தெரு முழுக்க நடந்து வந்தாய். அந்தத் தெரு அவருக்கும் வர வேண்டும். மன்னிக்கிற மனசைக் கொடு என்று ஆண்டவனிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவானோ என்று பயம்.

உன் மாற்றலை உன்னைக் கேட்காமல் திருப்பிக் கொடுத்தது தப்புதான். கேட்டிருந்தால் நீ வாங்கிக்கொள் என்றிருப்பாய், அதனால்தான் கேட்கவில்லை. கோபம் வந்தால் திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலைகுனியாமல் நீண்ட காலம் வாழ வேண்டும்.

ஒன்றை மறக்காதே. அடுத்த விசாரணைக்குள் அந்த ஆட்கள் அங்கேயும் வருவார்கள். அம்மாவுக்கு ரொம்ப நாளாகவே புத்தி நிலையில்லை, கண்டதையும் எழுதிவைப்பாள் என்று மகளாகிய உன்னிடம் ஒரு வாக்குமூலம் கேட்பார்கள். பக்கத்திலேயே உன் உத்தரவையும் வைப்பார்கள், இந்தத் தடவை தேதியோடு. கையெழுத்துப் போடாதே. மீறிப் போட்டாலும் உன்னைச் சபிக்க மாட்டேன், வந்தால் வாசலில் நிற்கவைக்கவும் மாட்டேன், உனக்கும் குட்டிக்கும் சேர்த்துத்தான் அரிசி போடுவேன். ஆனால் ஏன் வந்தாய் என்பதையும் அன்றைய பக்கத்தில் எழுதுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா