லெஹ்டோலாவின் கை

பிப்ரவரி 3, திங்கள்

வசன அட்டைகள் இருபது. சமையலறை மேசையில் என் மனைவி சிர்க்கா எதிரே உட்கார்ந்து மற்றவர்களின் வரிகளைப் படித்தாள். என்னுடைய பதினொரு வரிகளில் நான்கு வரவில்லை. நேற்றும் நான்குதான்; ஆனால் வேறு நான்கு.

பாதிரியார், திருடன், வரி அதிகாரி என்று ஐம்பது வருடம் யார் யாராகவோ நடித்தாயிற்று. ஓவியனாக நடிக்க எழுபத்தாறு வயதில்தான் அழைப்பு. நானே வரைகிறவன். என் ஒரே கண்காட்சியைப் பற்றிப் பத்திரிகை எழுதியது: ‘ஒரு நடிகருக்கு மோசமில்லை.’ லெஹ்டோலா என்கிற இந்தக் கற்பனை ஓவியரை எனக்காகவே எழுதியதாக இயக்குநர் நூரா சொல்கிறாள். அவளிடம் எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 8, சனி

ரெய்யோவுடன் சவுனாவில் நீராவிக் குளியல். நாடகப் பள்ளி நாளிலிருந்து நண்பன். சூடான கல்லில் தண்ணீரை ஊற்றியபடி கேட்டான்: “மூஞ்சி ஏன்டா இப்படித் தொங்குது?”

வரி மனதில் நிற்பதில்லை என்று சொல்லிவிட்டேன்.

“நூராகிட்ட சொல்லிடு தைஸ்டோ. படப்பிடிப்புல போய் முழிச்சிக்கிட்டு நின்னா அந்தப் பொண்ணு கதி என்னாவுறது?”

“சொன்னா வேஷம் போயிடுமே.”

“போனா நான் பண்ணிட்டுப் போறேன். எனக்கு வரவேண்டியத நீ எத்தன தடவ தட்டிக்கிட்டுப் போயிருக்க!”

இருவரும் சிரித்தோம். வீடு திரும்பும்போதுதான் — அவனுக்கு நிஜமாகவே அந்த ஆசையோ? ச்சே, என்ன புத்தி இது.

பிப்ரவரி 12

தொலைபேசியை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 20

ஒத்திகையில் ஒரே இடத்தில் மூன்று முறை நின்றுபோனேன். நூரா எல்லோரையும் காபிக்கு அனுப்பினாள். தாழ்வாரத்தில் அவளிடம் சொன்னேன்.

“காதுல சின்னக் கருவி வெச்சு வரிய சொல்லலாமே?” என்றாள்.

“போன வருஷம் பண்ணிப் பாத்தேன். ஒட்டுக்கேக்குறவன் மூஞ்சிதான் வருது.”

“அப்போ யாரு?”

ரெய்யோவின் பெயரை நானே சொன்னேன். அவ கேட்டா நான் சொல்லணுமா? வாய மூடிக்கிட்டு வரக்கூடாதா?

மார்ச் 6

வேஷம் இப்போது ரெய்யோவுக்கு. அவன் தூரிகையைக் கரண்டி மாதிரி பிடிக்கிறானாம். அருகில் வைத்து எடுக்கும் காட்சிகளுக்கு என் கை வேண்டும் என்கிறாள் நூரா. கை மட்டும்!

“போ கிழவா. வீட்ல உக்காந்து பொருமுறதுக்கு அது எவ்வளவோ மேல்,” என்றாள் சிர்க்கா.

ஏப்ரல் 11

ரெய்யோவின் மணிக்கட்டு மச்சத்தை ஒப்பனைப் பெண் என் கையில் வரைந்தாள். “என்னை விட ஒன் கை நல்லா நடிக்குதுடா,” என்கிறான் அவன். நிஜமாகவே பொறாமை தெரிந்தது. எனக்குச் சந்தோஷம், சொல்லக்கூடாது.

லெஹ்டோலாவின் கடைசி ஓவியத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, கேமராவின் முன் வரைகிறேன். பனி உடையும் ஏரி. இன்றோடு ஒன்பது நாள். இவ்வளவு பயமில்லாமல் நான் வரைந்ததில்லை. எல்லோரும் பார்ப்பது அவரைத்தானே, என்னையல்லவே.

ஏப்ரல் 25

ஓவியர் கையெழுத்திடும் காட்சி. ‘லெஹ்டோலா’ என்று எழுதினேன். ஒரே தடவையில் முடிந்தது.

மே 17

நூரா அந்த ஓவியத்தை எனக்கே கொடுத்துவிட்டாள். சிர்க்கா வெகுநேரம் பார்த்தாள்.

“நீ வரைஞ்சதுலயே இதுதான். அந்தப் பேர அழிச்சிட்டு ஒம் பேரப் போடு.”

டர்பன்டைனும் துணியும் எடுத்து வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் இருக்கும். பிறகு துணியை மடித்து வைத்துவிட்டுச் சுவரில் ஆணி அடித்தேன்.

அவராக நடித்தவன் நானும்தானே.