பக்கத்துக் கட்டில் ரேடியோ

ஜூன் 8, திங்கள்
மகன் போனில் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தான். கடைக்குப் போகாதே, கதவுப் பிடியைத் தொடாதே, வருகிற சாமானையெல்லாம் சோப்புத் தண்ணீரில் கழுவு. முப்பத்தாறு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவளுக்குச் சுத்தம் சொல்லித் தருகிறான், கம்ப்யூட்டர் தட்டுகிறவன். சரிப்பா என்றேன்.

ஜூன் 10, புதன்
நேற்று பிஸ்கட் பாக்கெட்டுகளைக் கழுவினேன். சோப்புத் தண்ணீர் தரையெல்லாம். விழுந்தேன். எழுபத்தேழு வயதில் பிஸ்கட்டைக் குளிப்பாட்டப் போன முட்டாள்.

இடது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. எக்ஸ்ரே எதற்கு? இடுப்பு முறிந்துவிட்டது என்று ஆம்புலன்ஸ்காரரிடமே சொல்லிவிட்டேன். மீசை முளைத்த மறுநாளே டிகிரி வாங்கியவர் போலிருக்கும் எலும்பு டாக்டர், படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்து அதையே கண்டுபிடித்தார். "கொரோனா ரிசல்ட் வரட்டும் பாட்டி. ஆபரேஷன் பத்தி அப்புறம் பாக்கலாம்." எதைக் கேட்டாலும் பாக்கலாம். இனி அவர் பெயர் பாக்கலாம் டாக்டர். இரண்டு நாளுக்குள் செய்யவேண்டிய ஆபரேஷன் இது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ரிசல்ட் வரும்வரை தனிமையாம். தனிமை என்றால், குட்டி அறையில் இரண்டு கட்டில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில். பக்கத்துக் கட்டிலிலும் இடுப்பு முறிவுதான், எண்பது வயதிருக்கும். வாயில் மட்டும் முறிவு எதுவும் இல்லை.

ஜூன் 11, வியாழன்
ரேடியோ என்று பெயர் வைத்துவிட்டேன். விடிந்ததும் ஆரம்பிக்கிறது. மகள், மகள் வீட்டு மாடிப்படி, ஐம்பது வருடம் முன்னால் தொலைந்த குடை. நடுநடுவே "கேக்கறீங்களா சிஸ்டர்?" ம் என்றுகூடச் சொல்லவில்லை. எடை கட்டித் தொங்கவிட்ட காலோடு புரள முடியாது. கழுத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஜூன் 12, வெள்ளி
ரிசல்ட் வரவில்லை. ஆமை மேல் ஏற்றி அனுப்பியிருப்பார்கள்.

ஜூன் 13, சனி
வந்தது. எனக்கு இருக்கிறதாம். ரேடியோவுக்கு இல்லையாம். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை — எனக்கா? விண்வெளிக்குக் கிளம்பியவர்கள் மாதிரி உடுப்பு மாட்டிய இரண்டு பேர் என்னை வேறு வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவளுக்கு இன்றே ஆபரேஷன். "உங்களுக்கும் சீக்கிரம் பண்ணிடுவாங்க, பயப்படாதீங்க சிஸ்டர்" என்றாள். எனக்குப் பயமாம்.

பொறாமைதான். எழுதி வைக்கிறேன்.

ஜூன் 17, புதன்
எட்டு நாள். எல்லாம் கட்டிலிலேயே.

பாக்கலாம் டாக்டர் என் மகனிடம் பேசியிருக்கிறார். இந்த வயசு, இந்த நோய், உடம்பு தாங்குமா, ஆபரேஷன் இல்லாமல் வலி மருந்திலேயே வைத்திருக்கலாமே. மகன் அதைத் தேன் தடவிச் சொன்னான். "ரிஸ்க் எதுக்கும்மா? படுத்துக்கிட்டே நிம்மதியா இருக்கலாம்ல?"

நிம்மதியா! படுக்கையில் விட்ட இடுப்புகளை நான் எத்தனை பார்த்திருக்கேன். முதுகுல புண்ணு, நெஞ்சுல சளி, அப்புறம் மூடிக் கொண்டு போவாங்க. என் காலைப் பத்தி ரெண்டு பேரும் மாநாடு நடத்தறாங்க, என்னை ஒரு வார்த்தை கேக்காம.

டாக்டரை வரச்சொன்னேன். "செத்தா டேபிள்லயே சாகறேன் டாக்டர். படுக்கையில அழுகிச் சாகமாட்டேன். பேப்பரைக் குடுங்க, கையெழுத்து நானே போடறேன்." அவர் பாக்கலாம் என்று சொல்லவில்லை. "நாளன்னிக்குக் காலையில" என்றார்.

ஜூன் 20, சனி
நேற்று முடிந்தது. இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். சுத்தியல் சத்தம் முழுக்கக் கேட்டேன். ஒழுங்காகத்தான் அடித்தார் பாக்கலாம் டாக்டர்.

ஜூன் 25, வியாழன்
நிற்கவைத்தார்கள். வாக்கரைப் பிடித்து நாலு அடி. பெருமையில், பழைய அறை ரேடியோ எத்தனை அடி நடக்கிறாள் என்று நர்ஸிடம் கேட்டேன்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்ததாம். நாலாம் நாள் காய்ச்சல், மூச்சுத்திணறல். நேற்றுக் காலை போய்விட்டாள்.

அந்த அறையில் வேறு யார் இருந்தார்கள்? நான்தானே. இரண்டு பேரை ஒரே அறையில் அடைத்துத் தனிமை என்று பெயர் வைத்த மேதைகளைத் திட்டலாம். திட்டினேன். தீரவில்லை.

ஜூலை 9, வியாழன்
வீட்டுக்கு வந்து ஒரு வாரம். அந்த அம்மாவின் மகள் கூப்பிட்டாள். வார்டில் கெஞ்சி என் நம்பரை வாங்கியிருக்கிறாள். அவளைக் கடைசிவரை உள்ளே விடவில்லை. "அம்மா பக்கத்துல இருந்தது நீங்கதான். என்னம்மா பேசினாங்க?"

நாலு நாள் பேசினாள், நான் சுவரைப் பார்த்தேன். என்ன சொல்ல? உன்னைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தா என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. காது கொடுத்துக் கேக்கலைம்மா, முகத்தைத் திருப்பிக்கிட்டேன், நோயும் என்கிட்டேருந்துதான் வந்திருக்கும் என்றேன்.

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "நானும் பாதிதான் கேப்பேன்" என்றாள். "என்ன பேசியிருப்பாங்கன்னு நான் சொல்லட்டா?"

சொன்னாள். நான் ம் போட்டேன்.

ஆகஸ்ட் 3, திங்கள்
வாக்கர் போய்க் கைத்தடி. ஹாலுக்கும் சமையலறைக்கும் பதினொரு சுற்று. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடந்தேன். தினமும் இந்த நேரத்துக்கு ரேடியோவின் மகள் கூப்பிட்டுவிடுகிறாள், முடிக்கத் தெரியாத வாய். பாதிக் கதையில் லைன் கட்டாகிவிட்டது.

நானே திரும்பக் கூப்பிட்டு, "அப்புறம்?" என்றேன்.